வென் ஷூலானின் பதினொரு வருட விடுப்பு

"அந்தப் பதினொரு வருஷம் அவங்க எங்கே போயிருந்தாங்க?"

"எங்கேயும் போகல சார். வீட்லதான் இருந்தாங்க."

"வீட்ல இருந்தா எழுதியிருக்கணும், அல்லே?"

"எழுதல சார்."

"செரி. எழுதாம இருக்கதுக்கு யார்ட்ட பெர்மிஷன் வாங்கினாங்க?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றே கால். நாலரை மணிக்குள் ஓர் அழைப்புக் கடிதத்தில் கையெழுத்து விழ வேண்டும். விழாவிட்டால் சீனாவில் ஒரு தெருமுனையில் பிரிண்ட் எடுக்கும் கடை மூடிவிடும். அங்கே அப்போது மணி ஏழு. கடை மூடிவிட்டால் எழுபத்தொரு வயது எழுத்தாளர் வென் ஷூலான் கடிதம் இல்லாமல் இன்றைய ரயிலில் ஏற மாட்டார். மறுநாள் காலை வேறு ஊரில் அவருக்கு விசா நேர்காணல். அதை விட்டால் அடுத்த தேதி நம் விருது விழா முடிந்த பிறகுதான். இதைக் காலையிலிருந்து மூன்று முறை சொல்லிவிட்டேன். மூன்று முறையும் ஐயப்பன் சார் "கஷ்டம் தன்னே" என்று உண்மையான வருத்தத்தோடு சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

ஐயப்பன் சார் பாறசாலைக்காரர்; அவர் தமிழில் மலையாளம் கலந்து வரும். வழுதக்காட்டில் இருக்கும் அகில உலகக் கதையாளர் நல்லுறவுக் கழகத்தில் நாவல் பிரிவின் செக்‌ஷன் ஆபீசர். நான் அங்கே தமிழ்ப் பிரிவில் தற்காலிக உதவியாளர். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. கரமனையில் பஸ் ஏறி வழுதக்காட்டில் இறங்க வேண்டிய நான், மடியில் நாவல் இருந்தால் வெள்ளயம்பலம் வரை போய்விட்டுத் திரும்பி நடந்து வருவேன். வருகைப் பதிவேட்டில் என் தாமதங்களுக்கெல்லாம் காரணம் என்று அன்றன்று படித்த நாவலின் நாட்டுப் பெயரை எழுதிவிடலாம்.

கழகம் ஆண்டுக்கு ஓர் அயல்நாட்டு எழுத்தாளரை அழைத்து அவருடைய வாழ்நாள் பணிக்காக விருது கொடுக்கிறது. முப்பத்துமூன்று வருடங்களுக்கு முன் கழகத்துக்கு விதிகள் எழுதித் தரும்படி ஓய்வுபெற்ற கருவூல அதிகாரி ஒருவரைக் கேட்டிருக்கிறார்கள். பணி என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு விதம்தான். ஆகவே இங்கே ஒவ்வோர் எழுத்தாளருக்கும் ஒரு சர்வீஸ் புக் உண்டு. முதல் நாவல் வெளிவந்த நாள் பணியில் சேர்ந்த நாள். இரண்டாவது நாவல் இரண்டு வருடத்துக்குள் வந்தால் ப்ரொபேஷன் முடிந்தது. மூன்று வருடத்துக்கு மேல் புத்தகமோ சினிமாவோ வராவிட்டால் பணியில் முறிவு. முறிவு உள்ளவருக்கு விருது கிடையாது. கழகம் அதை மன்னித்து ஆணை போட்டால் மட்டும் உண்டு. இதுவரை மன்னித்ததில்லை. முறிவே இல்லாமல் ஆண்டுக்கு இரண்டு நாவல் எழுதும் ஆட்களையே இதுவரை அழைத்திருக்கிறார்கள். அவர்களில் யாரையும் நான் படித்ததில்லை.

வென் ஷூலானைப் படித்திருக்கிறேன். அவருடைய கடைசி நாவலை ஆங்கிலம் வழியாகத் தமிழில் பெயர்த்தவள் நான்தான். அவர் பெயரைக் கழகத்துக்குப் பரிந்துரைத்ததும் நான்தான். அந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு இருந்த பிரியத்தில், இவ்வளவு நல்ல எழுத்தாளருக்கு ஓர் அலுவலகம் என்ன செய்துவிட முடியும் என்று நினைத்திருக்கிறேன்.

"இங்க பாரு ஜானவி," என்று ஐயப்பன் சார் கனத்த பழுப்பு நிறப் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். "சேர்ந்த தேதி ஓகே. முதல் நாவல் 'ஈரக் கூரை', வயசு இருபத்திநாலு. முந்தைய வேலை, தெர்மாஸ் கம்பெனியில மைக்ல அறிவிப்பு. ஓகே. ரெண்டாவது நாவல் நாலு மாசம் லேட். அதுக்கு நான் என்ன செஞ்சேன்? அவங்க ஊர்ல வெள்ளம்னு எழுதினேன். ப்ரூஃப் என்ன? ரெண்டாவது நாவல்லயே நூத்திப்பன்னிரெண்டாம் பக்கம் வெள்ளம் வருது. அட்டாச் பண்ணிட்டேன். நான் ஹெல்ப் செய்யல்லேன்னு நீ பறயக்கூடாது."

"இல்ல சார், ரொம்ப செஞ்சிருக்கீங்க."

"ஆனா பதினொரு வருஷம் வெள்ளம் நிக்குமா? எப்பவும் தண்ணியில கெடக்குற குட்டநாட்டுலயே நிக்காதே."

அது மட்டுமல்ல. நடுவில் ஐந்து சினிமாவுக்குத் திரைக்கதை எழுதியிருக்கிறார். அது மாடியில் திரைப் பிரிவில் போய் முடிக்க வேண்டிய விஷயம் என்று ஐயப்பன் சார் ஃபைலை என் கையில் கொடுத்தார்.

திரைப் பிரிவுக்கு ஷீனா மேடம். எதிரில் வருபவர்களை முதலில் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, அதன் பிறகு திருப்பி அனுப்புவார்.

"மோளே, இவங்க நாவலிஸ்ட் அல்லே? சினிமாவுக்கு எப்படி வந்தாங்க?"

"யாரோ ஒரு டைரக்டர் கேட்டாராம் மேடம்."

"கேட்டா உடனே போயிடறதா? நாவல் தாய்த் துறை. சினிமா டெபுடேஷன். தாய்த் துறை இவங்கள விடுவிச்ச ஆர்டர் எங்கே?"

"மேடம், நாவலை அவங்களேதான் எழுதறாங்க. சினிமாவையும் அவங்களேதான் எழுதறாங்க."

"அதுதான் எனக்கும் சந்தேகம்," என்றார் ஷீனா மேடம். "ரெண்டு போஸ்ட்ல ஒரே ஆளு."

பன்னிரண்டரை ஆகியிருந்தது. நான் அவருடைய மேஜையிலேயே உட்கார்ந்து, நாவலாசிரியர் வென் ஷூலான் திரைக்கதையாசிரியர் வென் ஷூலானை இன்ன தேதி பிற்பகல் முதல் விடுவிக்கிறார் என்று ஓர் ஆணை எழுதினேன். திரைக்கதையாசிரியர் வென் ஷூலான் அன்றே பொறுப்பேற்றுக்கொண்டதாக இன்னொன்று. ஷீனா மேடம் இரண்டையும் படித்தார். "முற்பகலா பிற்பகலாங்கறதுல நீ கரெக்டா இருக்கே, மோளே. நல்லா வருவே," என்று சொல்லி முத்திரை குத்தினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மிச்சமிருந்தது அந்தப் பதினொரு வருடம்.

அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். இந்த உலகத்தில் எங்கள் மூன்று பேருக்குத் தெரியும்.

வென் ஷூலானின் தெருவில் ஹான் மிங்யூ என்று ஒரு பெண். ஆவியில் வேகவைத்த பன் விற்கும் கடை வைத்திருப்பவர். ஷூலானின் சிநேகிதி. ஒரு நாள் மாவு பிசைந்துகொண்டே அவர் ஷூலானிடம் ஒன்றைச் சொன்னார். இருபது வயதில், கையில் எதுவும் இல்லாத ஒரு குளிர்காலத்தில், பெற்ற குழந்தையை ரயில் நிலைய பெஞ்சில் விட்டுவிட்டு வந்ததை. அதன் ஒற்றைச் செருப்பு மட்டும் தன்னோடு வந்துவிட்டதை. அதை மாவு டப்பாவுக்கு அடியில் வைத்திருப்பதை. ஷூலான் அதைத் தன் ஐந்தாவது திரைக்கதையில் எழுதினார். பெயரை மாற்றினார், ஊரை மாற்றினார், தொழிலை மாற்றினார். மாவு டப்பாவை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. படம் வந்தது. தெருவே பார்த்தது. மறுநாள் காலை ஷூலான் கடைக்குப் போனபோது மிங்யூ எப்போதும்போல இரண்டு பன்னைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஷூலான் தினமும் போனார். தினமும் இரண்டு பன். பதினொரு வருடம். அதுவரை ஒரு வரி எழுதவில்லை. பிறகு ஒரு காலையில், "இன்னிக்கு உப்புத் தூக்கலா இருக்கும், பார்த்துச் சாப்பிடு," என்றார் மிங்யூ. அந்த வாரம் ஷூலான் கடைசி நாவலைத் தொடங்கினார்.

இதை அவர் எனக்கு மெயிலில் எழுதியிருந்தார். நாவலில் ஒரு பெண் ஏன் பேசவே மாட்டேன் என்கிறாள் என்று நான் கேட்டதற்குப் பதிலாக. கடைசி வரி: 'என் வாக்கியங்களைப் பிரித்துப் பார்த்தவள் நீ. அதனால் சொன்னேன். இது உன்னோடு இருக்கட்டும்.'

இரண்டரை மணிக்குச் செயலர் வந்தார். அழகியநம்பி சார். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். இந்த ஊரில் நாற்பது வருடம். கழகத்தின் நிரந்தரச் செயலர். ஐயப்பன் சார் ஃபைலை அவர் முன் வைத்தார். நான் நின்றேன்.

"உக்காரும்மா. பதினொரு வருஷம்னா லேசா? பிரசவமா?"

"அப்ப அவங்களுக்கு நாற்பத்தொன்பது வயசு சார்."

"உடம்பு சரியில்லையோ?"

"மெடிக்கல் போர்டு சர்ட்டிபிகேட் வேணும்," என்றார் ஐயப்பன் சார்.

"கதை கிடைக்கலன்னு போடலாமா சார்?" என்று கேட்டேன்.

"போடலாமே," என்றார் செயலர். "ஆனா விதி பத்தொன்பதுப்படி அது திறமைக் குறைவு. 'வளரும் எழுத்தாளர்' பிரிவுக்கு இறக்கணும். அதுக்கு வயசு வரம்பு முப்பத்தஞ்சு."

"சார், எழுத்தாளர்களுக்கு அப்படி ஒரு காலம் வரும் சார். எழுத முடியாத காலம்."

"வரட்டும். அது வரதுக்கு முன்னாடி ஒரு அப்ளிகேஷன் வரணும்." அழகியநம்பி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலில் கோபமே இல்லை. "குழந்தே, நான் எழுத்துக்கு விரோதி இல்லை. எழுதாம இருக்கறதுக்கும் விரோதி இல்லை. இந்த நாற்காலியில பத்தொன்பது வருஷமா உக்காந்திருக்கேன். நானும் ஒரு வரி எழுதினதில்லை. ஆனா தினம் பத்தேகாலுக்கு வந்து எழுதாம இருக்கேன். ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டு எழுதாம இருக்கேன். அந்தம்மா பாட்டுக்கு ஆத்துல உக்காந்து எழுதாம இருந்திருக்கா. வித்தியாசம் புரியறதா?"

"புரியறது சார்."

"மனுஷாளோட மனசுக்குள்ள இருக்கறதைத்தான் இலக்கியம்னு சொல்றா. நாம அதைத்தான் கேக்கறோம். என்ன இருந்ததுன்னு எழுதிக் கொடு. படிவம் பதினாலு. 'பிற காரணங்கள்'ல எழுது. நாலரை மணிக்கு எனக்கு விழிஞ்ஞத்துல ஒரு மீட்டிங். மூணே முக்காலுக்கு நான் கிளம்பியாகணும்."

மூன்று மணி.

அவரிடமே கேட்டுவிடலாம் என்று மெயிலைத் திறந்தேன். 'உங்கள் மௌனத்துக்கான காரணத்தை எங்கள் அலுவலகத்துக்குத் தெரிவிக்க அனுமதி வேண்டும்' என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். அழித்தேன். பதில் வேண்டாம் என்று வந்துவிடும் என்பதுதான் பயம். வேண்டாம் என்றால் அவர் வர மாட்டார். ஒரு முறை காலாவதியான விருதாளர் மறுபடி பரிசீலிக்கப்பட மாட்டார் என்று வேறு விதி இருக்கிறது. அவரை நேரில் பார்க்க வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பது எனக்கு அந்த அரை மணி நேரத்தில்தான் தெரிந்தது.

"சார், இதை யாரெல்லாம் படிப்பாங்க?"

"யாரும் படிக்க மாட்டாங்க," என்றார் ஐயப்பன் சார். "சீல் வச்ச கவரு. அரக்கு நான் தன்னே ஊத்துவேன். இத்தன வருஷத்துல இந்தப் படிவம் போன கவர ஒருத்தர் தொறந்து நான் கண்டதில்ல."

அவர் பொய் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் அந்தப் படிவத்தை யாரும் நிரப்பியதே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மூன்று பத்துக்கு எழுதத் தொடங்கினேன். காரணம், சுருக்கமாக. காரணத்துக்கு ஆதாரமான நிகழ்வு. காரணமான நபரின் பெயர். அவருக்கும் எழுத்தாளருக்கும் உள்ள உறவு. அவருடைய தற்போதைய முகவரி. முகவரி எதற்கு என்று கேட்டேன். "ஒரு கட்டத்தக் காலியா விட்டா செயலரு ரிட்டர்ன் பண்ணுவாரு," என்றார் ஐயப்பன் சார். ஷூலானின் மெயிலில் தெருப் பெயர் இருந்தது. ஷூலானின் வீட்டுக்கு எதிர்ப்புறம், பன் கடை என்று எழுதினேன். மாவு டப்பாவையும் எழுதினேன். சுருக்கமாக எழுதச் சொன்ன இடத்தில் கொஞ்சம் நன்றாகவே எழுதிவிட்டேன் என்று தோன்றியது.

மூன்று நாற்பத்திரண்டுக்கு அழகியநம்பி சார் நின்றுகொண்டே படித்தார். "உருக்கமா இருக்கு," என்றார். கையெழுத்திட்டார். மன்னிப்பு ஆணைக்கு ஒன்று, அழைப்புக் கடிதத்துக்கு ஒன்று. நான் கடிதத்தை ஸ்கேன் செய்து அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் ஷூலானிடமிருந்து, பிரிண்ட் கடையின் வாசலில் எடுத்த படம் வந்தது. கையில் காகிதம். சிரித்துக்கொண்டிருந்தார்.

பதினெட்டு நாள் கழித்து அவர் வந்தார். விமான நிலையத்துக்கு நான்தான் போனேன். நான் நினைத்ததைவிடக் குள்ளம். சாம்பல் நிற மேல்சட்டை, துணிப் பை. ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார். மிக்ஸி ஓடும் சத்தத்துக்கு நடுவே அம்மா அன்று காலைதான் கேட்டிருந்தாள்: "ஏண்டி, அந்த மாமிக்கு நம்மாத்து ரசம் ஒத்துக்குமா?" வீட்டுக்கு அழைத்து வந்தேன்; ஒத்துக்கொண்டது. இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, இதைச் செய்தவர் கோபக்காரரா என்று கேட்டார். அம்மா நாள் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தாள்.

விழாவுக்குக் கிளம்பும்போது ஷூலான் பையிலிருந்து ஒரு சின்னச் சுருக்குப் பையை எடுத்து என் கையில் வைத்தார். நீல நூலில் தையல் போட்டிருந்தது.

"மிங்யூ தைத்தாள். யாரைப் பார்க்கப் போகிறாய் என்று கேட்டாள். என்னைப் படித்த ஒரு பெண்ணை என்றேன். உடனே உட்கார்ந்து தைத்துவிட்டாள்."

நான் நன்றி சொன்னேன். கவர் அரக்குக்குள் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கழகத்தின் கூடத்தில் இருநூறு நாற்காலி. பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். செண்டை அடித்தார்கள். நிலவிளக்கு ஏற்றினார்கள். தட்டில் பட்டுத்துணி விரித்து சர்வீஸ் புக்கை வைத்து ஐயப்பன் சார் ஏந்தி வந்தார். எல்லோரும் எழுந்து நின்றோம். புத்தகத்துக்கு உட்கார இடம் கிடைத்த பிறகு நாங்களும் உட்கார்ந்தோம். ஷூலான் மேடையில் நடு நாற்காலியில் இருந்தார். அவர் அருகில் மொழிபெயர்க்க நான்.

அழகியநம்பி சார் மைக்கைப் பிடித்தார்.

"இன்று கழக வரலாற்றில் ஒரு பொன்னாள். இவர் பெரிய நாவலாசிரியர் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் நம் கழகத்தின் விதி இருபத்தேழு இன்றுதான் முதல் முறையாக உயிர் பெறுகிறது என்பதுதான் முக்கியம். மன்னிக்கப்பட்ட பணி முறிவு, காரணத்தோடு சபையில் வாசிக்கப்பட வேண்டும். ஆட்சேபம் உள்ளவர்கள் கை தூக்கலாம்."

நான் ஐயப்பன் சாரைப் பார்த்தேன். அவர் என்னைவிட அதிகமாகத் திகைத்துப் போய் விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பக்கம் கிடைத்துவிட்டது போலிருந்தது. முகத்தில் நிம்மதி வந்தது. விதி இருந்தது.

"என்ன சொல்கிறார்?" என்று ஷூலான் கேட்டார்.

"வரவேற்கிறார்," என்றேன்.

அழகியநம்பி சார் அரக்கை உடைத்தார். மைக்கில் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது. நிதானமாக வாசித்தார். இருபது வயது. குளிர்காலம். ரயில் நிலைய பெஞ்ச். நல்ல குரல் அவருக்கு. நான் எழுதிய வாக்கியங்கள் அந்தக் குரலில் இன்னும் நன்றாக இருந்தன. முன்வரிசையில் ஒரு பெண்மணி கைக்குட்டையை எடுத்தார். ஒற்றைச் செருப்பு. மாவு டப்பா. "காரணமான நபர், திருமதி ஹான் மிங்யூ."

ஷூலானின் தலை நிமிர்ந்தது.

மூன்றாம் வரிசையில் ஒருவர் கை தூக்கினார். கூடம் அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் எழுந்தார். "ஆட்சேபம் இல்லை. சந்தேகம்தான். பதினொரு வருஷத்துல ஞாயித்துக்கிழமையெல்லாம் கழிச்சாச்சா?"

"கழிக்கப்பட்டுவிட்டது," என்றார் ஐயப்பன் சார் மேடைக்குக் கீழிருந்து.

கை தட்டினார்கள். அழகியநம்பி சார் கையைக் காட்டி அமைதிப்படுத்தினார். "இன்னும் முடியவில்லை. நம் கழகம் எந்த வேலையையும் பாதியில் விடாது. காரணம் முழுக்க எடுத்தெழுதிய ஆணையின் நகல்கள். ஒன்று, விருதாளருக்கு. இரண்டு, கோப்புக்கு. மூன்று, திருமதி ஹான் மிங்யூ, பன் கடை, தகவலுக்காக. அவருக்குப் புரிய வேண்டுமே என்று நம் ஷீனா மேடம் அதைக் கம்ப்யூட்டரில் சீன மொழிக்கு மாற்றி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினார். நேற்று உரியவரிடம் சேர்ந்துவிட்டது என்று இன்று காலை தகவல் வந்திருக்கிறது."

ஷீனா மேடம் எழுந்து வணங்கினார். கூடம் முழுக்க மறுபடி கை தட்டியது. செண்டைக்காரர்கள் முடிந்துவிட்டது என்று நினைத்து ஆரம்பித்து, நிறுத்தினார்கள்.

சுருக்குப் பை என் உள்ளங்கையில் இருந்தது. நீலத் தையல் விரலில் தட்டுப்பட்டது.

ஷூலான் என் பக்கம் திரும்பினார். எதிரில் கைதட்டியவர்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. என் முழங்கையைத் தொட்டார்.

"அவள் பெயரைச் சொன்னார். இரண்டு முறை." ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "ஜானவி, அவர் என்ன வாசித்தார்? எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லேன்."